கடலுக்குத்தான் போகுது

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை றெஜினா இருபத்தொன்பது வயதுவரை நம்பியிருந்தாள். பயிற்சி தொடங்கி இரண்டாம் மாதம், கேதீஸ்வரன் சேர் வகுப்புச் சுவரில் ஒரு படத்தைத் தொங்கவிட்டார். குடாநாட்டைக் குறுக்கே அரிந்து காட்டிய படம். மேலே மெல்லிசாகச் செம்மண். அதன் கீழே முழுவதும் சுண்ணாம்புக்கல், கறையான் அரித்த பலகை மாதிரி வெடிப்பும் துளையுமாக.

“ஆறு இருக்கு,” என்றார் சேர். “எங்கடை காலுக்குக் கீழை ஓடுது. எதுக்குள்ளாலை வந்து எங்கை போகுதெண்டுதான் தெரியாது.”

அன்று பின்னேரம் குருநகர் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தவளுக்கு, வீதியும் மதில்களும் வாழைத்தோட்டமும் ஒரு பெரிய நீரின்மேல் மெல்ல அசைந்துகொண்டு நிற்பதாகப் பட்டது. இறங்கும்போது காலை மெதுவாக ஊன்றினாள்.

அதற்கு முன் அவள் நண்டு வாங்கும் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்தவள். நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, தசையைத் தனியே எடுத்து ஐசில் வைக்கிற வேலை. கொம்பனி பூட்டிப்போனபோது நீர், மண் மாதிரிகள் எடுக்கவும் ஆய்வுகூடத்தில் சோதிக்கவும் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். கரையோரத்து ஆழமில்லாத களக்கடலில் நண்டுவலை போடுகிற அவளுடைய தகப்பன் இன்னாசித்தம்பிக்கு அதைக் கேட்கச் சிரிப்பு வந்தது.

“தண்ணி அள்ளுறதுக்கும் ஒரு படிப்போ மகள்?”

படிப்புத்தான் என்று அவளுக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது. போத்திலை எடுக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று தரம் அலச வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது. நீர் வருகிற திசைக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும், காலால் கலக்கிய சேறு பின்னால் போகும்படி. பவுடர், கிறீம், சென்ற் ஒன்றும் ஆகாது. “நாங்கள் பூசிற பவுடர் போத்திலுக்குள்ளை போய் நிண்டு பொய் சொல்லும்” என்பார் சேர். றெஜினா தலைக்கு எண்ணெய் வைப்பதையும் விட்டாள். ஆய்வுகூடத்தின் வெள்ளைப் பகல்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. கழுவிக் கவிழ்த்த போத்தில்களில் வெளிச்சம் நிற்கும். இயந்திரங்கள் ஏதோ செபம் சொல்வதுபோல ஒரே குரலில் இரையும். அதற்குள் நிற்கையில் நேரம் போவதே தெரியாது.

ஐந்தாம் மாதத்தில் வெளிக்களப் பயிற்சி வந்தது. அவளோடு படித்த செந்தூரன் வலிகாமத்துப் பொடியன், வெங்காயத் தோட்டக்காரரின் பிள்ளை. அவனுடைய பெரியப்பா முத்துக்குமாருவின் காணியின் நடுவே ஓர் இடிகுண்டு இருந்தது. எந்தக் காலத்திலோ நிலம் தானாக இடிந்து உள்ளே விழுந்த பள்ளம். விளிம்பிலிருந்து ஆலம்வேர்கள் தொங்கின. அடியில் தண்ணீர் கருநீலமாக அசையாமல் கிடந்தது. அழுகிய வெங்காயம், பூச்சிமருந்து வந்த போத்தில்கள், கிழிந்த உரப்பைகள் எல்லாம் சுற்றுப்புறத் தோட்டக்காரர் அதற்குள்தான் போட்டார்கள். மருந்தடிக்கிற டாங்கியைக் கழுவுவதும் அதன் கரையில்தான்.

“பயமில்லை பிள்ளையள்,” என்றார் முத்துக்குமாரு, எல்லாருக்கும் மாம்பழம் வெட்டிக் கொடுத்தபடி. எழுபது வயது. சால்வையால் அடிக்கடி வாயைத் துடைத்துக்கொள்வார். “உது கடலுக்குப் போற குண்டு. அந்தக் காலத்திலை ஆரோ ஒரு எலுமிச்சம்பழம் போட, அது கடலிலை போய் மிதந்ததாம்.”

“அதைத்தான் ஐயா பாக்கப்போறம்,” என்றார் சேர். “இதிலை போடுறது உங்கடை கிணறுகளுக்கு வருதோ இல்லையோ எண்டு.”

சேர் கொண்டுவந்த சாயம் குங்குமம் போன்ற சிவப்புத் தூள். நஞ்சில்லாதது. தண்ணீர் பட்டதும் பச்சையாக எரியும். அதைப் போடுகிறவர் அதன்பின் மாதிரிப் போத்தில் ஒன்றையும் தொடக்கூடாது என்பது விதி. நகக்கண்ணில் ஒட்டிய துகள் ஒன்று போதும், எல்லாக் கிணறும் பச்சை என்று சொல்லிவிடும். ஆகவே சேர் தானே போடுவதாகவும், பிள்ளைகள் ஆளுக்கொரு கிணற்றில் நிற்பதாகவும் ஏற்பாடு. கிணறு என்றால் நிழல் இருக்கும், வீட்டுக்காரர் தேத்தண்ணி தருவார்கள். வடக்கே இரண்டு மைல் தள்ளிக் கடற்கரையில் ஓர் ஊற்று இருக்கிறது, அதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்று சேர் சொன்னபோது எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

“நான் போறன் சேர்,” என்றாள் றெஜினா. “வெய்யில் எனக்குப் பழக்கம்.”

அப்படித்தான் அவள் ஊற்று இருந்த அந்த மீன்பிடித் துறைக்குப் போனாள். பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு சிறிய மாதா கோயில், மணலில் ஏற்றிவிட்ட வள்ளங்கள். கரையோரக் கல்லின் வெடிப்பு ஒன்றிலிருந்து நன்னீர் கொப்பளித்துக் கடலுக்குள் போனது. உப்பு ஏறாமல் இருக்க யாரோ அடி வெட்டிய நீலப் பீப்பாய் ஒன்றை அதன்மேல் இறக்கி வைத்திருந்தார்கள். பீப்பாயின் அகலம்தான் ஊற்று.

மீனைப் பிளந்து வலைமேல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் சின்னத்தங்கம்.

“உதுக்குள்ளை என்ன பிள்ளை தேடுறாய்?”

றெஜினா விளக்கம் சொன்னாள். சாயம், குகை, வெங்காயத் தோட்டம், எல்லாம். சின்னத்தங்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த குடத்தைப் பீப்பாய்க்குள் அமிழ்த்தினாள்.

“அக்கா, இதைக் குடிக்கிறனீங்களோ?”

“பின்னை? குழாய் வரும் குழாய் வரும் எண்டு சொல்லி எத்தினை எலக்சன் போயிட்டுது. கடல் வத்துற நேரத்திலை அள்ளினால் இளநி மாதிரி இருக்கும். குடிச்சுப் பார்.”

றெஜினா உடனே சேருக்கு ஃபோன் எடுத்தாள். “குளிக்கிற ஊத்தெண்டுதான் எனக்குச் சொன்னவை,” என்றார் அவர். “சாயம் இன்னும் போடேல்லை. நான் தண்ணி அனுப்பி முடியுமட்டும் போடமாட்டன். இந்தக் கிழமை ஒருத்தரும் அதைக் குடிக்க வேண்டாமெண்டு வீடு வீடாய்ப் போய்ச் சொல்லுங்கோ.” அடுத்த நாள் தண்ணீர்க் கான்கள் வந்திறங்கியபிறகுதான் சாயம் குண்டுக்குள் போனது.

பிறகு காத்திருப்பு. மணிக்கு ஒரு போத்தில் எடுத்து, கறுப்புத் துணியால் சுற்றி, ஐஸ் போட்ட வெள்ளை நுரைப்பலகை றெஜிபோம் பெட்டிக்குள் வைப்பாள். மற்ற நேரமெல்லாம் கல்லில் குந்தியிருப்பாள். ஊற்று நீர் கடல்நீரோடு கலக்கும் இடம், சூடேறிய தார்வீதியின் மேல் காற்று நடுங்குவதுபோல நடுங்கும். அதற்குக் கீழே கிடக்கும் கூழாங்கற்கள் வளர்ந்து சிறுக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குள்ளும் அதே நடுக்கம் இறங்கும். கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்பது நண்பகலில் தெரியாது. தூரத்து வள்ளங்கள் ஒன்றிலும் படாமல் வெறும் வெளிச்சத்தில் நின்றன.

அப்படி ஒரு மயக்கத்தில் அவள் கனவு கண்டாள். உள்ளூர்க் கிணறுகள் எல்லாம் எழும்பி, தோளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, கையில் வாளியோடு வரிசையாக நடந்து வந்தன. வந்து கடலோரம் கால் நீட்டி இருந்தன, கோயில் திருவிழா முடிந்து களைத்த பெண்கள் மாதிரி. ஒரு கிணறு மற்றதைக் கேட்டது: “உன்ரை ஆழம் எவ்வளவு?” மற்றது வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பியது. றெஜினா திடுக்கிட்டு விழித்தபோது கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது.

“என்ன மகள், பச்சை வந்துதோ?” தகப்பன்தான்.

“வரேல்லை அப்பா.”

“வலை போட்ட உடனை நண்டு வருமே? பொறு. தொப்பி போட்டிருக்கிறியோ?”

“ஓம்.”

“பொய் சொல்லாதை. போடு.”

அவள் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாளும் அப்படியேதான் விடிந்தது. வெய்யில் உச்சிக்கு ஏறிய நேரம் போத்தில் எடுக்க எழும்பியவள் பீப்பாய்க்குள் குனிந்து பார்த்தாள். உள்ளே ஏதோ வித்தியாசம். கண் கூசுகிறதாக்கும் என்று நினைத்தாள். தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்தாள். அடியில், கல் வெடிப்பிலிருந்து, ஒரு நூல் வந்துகொண்டிருந்தது. இளம் நெல்நாற்றின் பச்சை. அது சுருண்டு, அவிழ்ந்து, மேலே வர வர அகன்றது. யாரோ கீழே இருந்துகொண்டு மிக மெதுவாக ஒரு சேலையை மேலே நீட்டுவதுபோல. சத்தமே இல்லை. பீப்பாய் நிறைந்து, விளிம்பு வழிந்து, பச்சை கடலுக்குள் இறங்கியது. உப்புநீரின்மேல் ஒரு தெரு அகலத்துக்கு அது விரிந்து கிழக்கே திரும்பிப் போனது.

“மாதாவே!” என்றாள் பின்னால் வந்து நின்ற சின்னத்தங்கம். மீன் அரிகிற கத்தி இன்னும் அவள் கையில் இருந்தது. “உண்மையாய் வந்திட்டுதடி!”

றெஜினா கையுறை போட்டு, அலசி, போத்திலை நிரப்பினாள். மூடியை இறுக்கி, துணியைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபிறகுதான் அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு மைல் தூரம், ஒருவரும் காணாத இருட்டில், கல்லுக்குள்ளால் வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. சின்னத்தங்கம் கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் குந்தி, பச்சை போகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணறுகள் ஒன்றிலும் பச்சை வரவில்லை. சேர் இன்னும் ஒரு கிழமை எல்லாரையும் நிற்கவிட்டார். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு போத்திலாக ஒளிபடவைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுகூட இல்லை. சாயம் எல்லாம் கடலுக்குத்தான் போயிருந்தது.

முடிவை ஊருக்குச் சொல்வதும் பயிற்சியில் ஒரு பகுதி. சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். சேர் பின்வரிசையில் இருந்து புள்ளி போட, பிள்ளைகள்தான் கதைக்க வேண்டும். செந்தூரன் எழும்பி வரைபடத்தைக் காட்டினான். “எங்கடை கிணறு ஒண்டுக்கும் வரேல்லை,” என்றான். சனம் கைதட்டியது. முத்துக்குமாருவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் செலவில் வந்த வடையும் தேத்தண்ணியும் வரிசை வரிசையாகப் போயின.

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் அவர். “கடலுக்குத்தான் போகுது. பிரச்சினை இல்லை.”

“கடலுக்குத்தானே,” என்று யாரோ திரும்பச் சொன்னார்கள். “ஓமோம், கடலுக்குத்தானே,” என்றது இன்னொரு குரல். அந்தச் சொல் சனம் இருந்த வாங்குப்பலகைகள் வழியே ஆறுதலாக நகர்ந்தது. கடைசி வாங்கில் இருந்த றெஜினாவிடம் வந்து சேர்ந்தபோது அவள் கடித்த வடையைக் கீழே வைத்தாள். இந்தச் சனத்துக்குக் கடல் என்றால் ஒன்றுமில்லாத இடம். போனது போனதுதான், அதற்கு அங்கால் ஊரில்லை, ஆளில்லை. இவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. றெஜினாவின் தகப்பனுக்கு வீட்டு முற்றமான கடலை ஒன்றுமில்லாத இடம் என்று சொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் எழும்பினாள். எழும்புவேன் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

“ஐயா, நான் கடற்கரையிலை நிண்டனான். அங்கை அந்தத் தண்ணியைக் குடிக்கினம்.”

“ஆர் பிள்ளை குடிக்கினம்? கடல் தண்ணியையோ?”

“ஊத்துத் தண்ணியை. கொஞ்சச் சனம்தான். உங்கடை குண்டிலை போடுறதுதான் அங்கை வருது.”

“கடல் பெரிசு பிள்ளை,” என்றார் முத்துக்குமாரு, சமாதானமாக. “அவ்வளவு தண்ணியிலை உது எம்மாத்திரம்?”

“கடல் பெரிசுதான் ஐயா. ஆனா அது வெளியிலை வாற இடம் ஒரு பீப்பாய் அகலம். அதுக்குள்ளைதான் குடத்தை விடுகினம்.”

செந்தூரன் கையில் பிடித்திருந்த வரைபடத்தைப் பார்த்தான். நீல நிறத்தில் அடித்திருந்த வடக்குப் பக்கத்தில் அவன் ஒரு வீடுகூட வரைந்திருக்கவில்லை. பின்வரிசையில் சேர் பேனையை மூடி வைத்தார்.

“சாயம் போன வழியாலை நஞ்சும் போகுதெண்டு இப்பவே சொல்ல ஏலாது,” என்றார். “போகேல்லை எண்டும் சொல்ல ஏலாது. சோதிச்சுத்தான் சொல்லலாம். றெஜினா, நீங்களே செய்யுங்கோ.”

முதல் மழை பெய்து தோட்டங்களின் செம்மண் வெள்ளம் குண்டுக்குள் இறங்கிய பிறகு அவள் துறைக்குப் போய் மாதிரி எடுத்தாள். கண்ணாடிப் போத்தில்கள், கறுப்பு நிறம். அதோடு, பயிற்சியில் சொன்னபடி, சுத்த நீர் மட்டும் நிறைத்த, ‘வெற்று’ என்று பெயர் ஒட்டிய ஒரு போத்திலையும் கரைவரை கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவந்தாள். காற்றும் கையும் ஏதும் சேர்க்கவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆய்வுகூடத்தில் ஒரு நாள் முழுக்க நீரைக் கரைப்பானோடு குலுக்கினாள், பிரிய விட்டாள், மறுபடி குலுக்கினாள். இரண்டு தெளிவான திரவங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்க, நடுவே ஒரு கோடு மட்டும் ஆடும். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் எஞ்சிய துளியை இயந்திரத்துக்குக் கொடுத்தாள். திரையில் ஒரு நேர்கோடு ஓடியது, வற்றிய கடல் மாதிரி. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே இடத்தில் எழும்பி விழுந்தது, கூராக, சின்னதாக.

வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்துதான். அளவு குறைவு. ஆனால் இருந்தது. உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று குடிக்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. வெற்றுப் போத்தில் சுத்தமாக இருந்தது. சேர் எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி செய்தாள். அதே இடத்தில் அதே கூர்.

சின்னத்தங்கத்திடம் சொல்லப் போனபோது அவள் கத்தினாள். “குடியாதை எண்டு சொல்லுறது சுகம். அப்ப எங்கை போய் அள்ளுறது? உன்ரை போத்திலுக்குள்ளையோ?” கத்தி முடித்ததும் றெஜினாவைப் பிடித்து இருத்திச் சோறு போட்டாள். அதன் பிறகு கோயில் மணியை அடித்து எல்லாருக்கும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து செந்தூரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு முத்துக்குமாரு வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியாததுபோல மணலில் நின்றார். இவ்வளவு கிட்ட இருந்தும் அந்தத் துறைக்கு அவர் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீப்பாயடிக்கு இறங்கினார். சுற்றிவரக் கடல் வெந்நீராகக் கிடக்க, பீப்பாயிலிருந்து வழிந்த குளிர்ந்த நீர் காலில் பட்டது. அவர் முகம் மாறியது.

“குளிர்ந்து கிடக்கு,” என்றார் மெதுவாக. “இது என்ரை காணித் தண்ணி.”

“உங்கடை காணித் தண்ணியோ?” என்றாள் சின்னத்தங்கம், இடுப்பில் கைவைத்து. “அப்ப இவ்வளவு நாளும் குடிச்சதுக்கு வாடகை கேப்பியள் போல.”

செந்தூரன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றான். கிழவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவர் நெடுநேரம் குனிந்து பீப்பாய்க்குள் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் துடைக்கச் சால்வையை எடுத்தவர் கண்ணைத் துடைத்தார்.

“எனக்கு இங்கை ஆக்கள் இருக்கினமெண்டு தெரியும் பிள்ளை,” என்றார் சின்னத்தங்கத்திடம். “யோசிக்கேல்லை. அவ்வளவுதான்.”

அடுத்த கிழமையிலிருந்து அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், சோதித்து நல்லதென்று கண்ட கிணற்றுத் தண்ணீரைப் பெரிய டாங்கியில் ஏற்றிக்கொண்டு காலையில் துறைக்கு வரத் தொடங்கியது. சில தோட்டக்காரர் முணுமுணுத்தார்கள். கரையாருக்கு நாங்கள் தண்ணி சுமக்கிறதோ என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். முத்துக்குமாரு அவரோடு இன்றுவரை கதைப்பதில்லை. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறையிலிருந்து வந்த நான்கு பேர் வள்ளக்கயிறு கட்டி இடிகுண்டுக்குள் இறங்கினார்கள். தண்ணீருக்குள் மூச்சடக்கிப் போய் வருகிற ஆட்கள். அவர்கள் கீழே அள்ளி நிறைக்க, மேலே வெங்காயத் தோட்டக்காரர் இழுத்தார்கள். மூட்டை மூட்டையாகப் போத்தில்கள். பலதில் பெயர் அழிந்து போயிருந்தது. பின்னேரம் குண்டைச் சுற்றிக் கம்பிவேலி அடித்தார்கள்.

பயிற்சி முடிந்து றெஜினாவுக்கு அந்த ஆய்வுகூடத்திலேயே வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறை துறைக்குப் போவாள். திரையில் அந்தக் கூர் சில மாதம் சிறுக்கும். மழை பெய்தால் மறுபடி வளரும். கல்லுக்குள் ஊறியது கழுவுப்பட்டுப் போகக் காலம் எடுக்கும் என்றார் சேர். எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் மாதிரி எடுத்து முடித்துப் பெட்டியை மூடியபோது, சின்னத்தங்கம் வலையை உதறியபடி தூரத்திலிருந்தே கேட்டாள்.

“என்னடி, இனிக் குடிக்கலாமோ?”

“இன்னும் இல்லை அக்கா. இன்னொரு மாரி போகட்டும்.”

“போகட்டும், போகட்டும்,” என்று சலித்துக்கொண்டு அவள் கருவாட்டை நக்க வந்த ஆட்டை விரட்ட ஓடினாள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. றெஜினா கையுறையைக் கழற்றினாள். பீப்பாய்க்கு வெளியே, வழிந்த நீர் கடலோடு கலக்கும் இடத்தில் இரண்டு காலையும் விட்டாள். ஒரு கால் குளிர்ந்தது. மற்றது வெந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.